உன் அம்மா எடுத்த காதல் படம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கடையில் ஆள் நிற்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். கடையில் ஆள் யாரும் நிற்கவில்லை. மத்தியான வெயிலில் கறம்பக்குடி கடைத்தெருவே கண்ணை மூடிக் கிடந்தது. மருந்து அலமாரிகளுக்கு நடுவில் மின்விசிறிக்குக் கீழே நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டது காதிலேயே நின்றது. "அம்மா எடுக்குற படம் அம்மாவும் ராஜமாணிக்கம் மாமாவும் பழகுன கதைதானாமே? ஊர்ல பேசிக்கிறாங்களாம். எனக்குக் கல்யாணம் வெச்சிருக்கிற நேரத்துல இந்த வயசுல ஒரு காதல் படம் தேவையாப்பா? பொண்ணு வீட்ல என்ன நினைப்பாங்க?" சிங்கப்பூரில் உன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாய். கோபத்தை விடப் பயம்தான் அதில் அதிகம் இருந்தது. அந்தக் கேள்வி உனக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். எனக்கு அது உன் வயதை விடப் பழையது. அதனால்தான் போனில் பேச வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். பொறுமையாகப் படி.

'மழை விடட்டும்' என்பது முதலில் ஒரு நாடகம் என்று உனக்குத் தெரியும். அதை எழுதியவர் சவரிமுத்து சார். ஆவூர்க்காரர், எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தார். கோயில் திருவிழாக்களில் நாடகம் போட்டுப் பழகிய குடும்பம் அவருடையது. அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்றால், இன்றைக்கு எழுதியதை நாளைக்கு அவராலேயே படிக்க முடியாது. நான் அப்போது இதே கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். இருமல் மருந்து வாங்க வந்தவர் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டு என்று நினைத்து நான் வாங்கிக் கடகடவென்று வாசித்துவிட்டேன். வாசித்த பிறகுதான் அது ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவன் பேசுகிற வசனம் என்று தெரிந்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. சார் சிரித்தார். "நாளைலருந்து கடை அடைச்சதும் பள்ளிக்கூடத்துக்கு வந்துருப்பா. ஒன்ன விட்டா இத வாசிக்க ஆளில்ல" என்றார். நாடகத்துக்குள் நான் நுழைந்தது இப்படித்தான். நடிக்க இல்லை, நடிக்கிறவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்க.

நாடகத்தின் கதை சின்னது. ஒரு பஸ் நிழற்குடை. நல்ல மழை. பெண் பார்க்கப் போகிற ஒருவன் மழைக்கு ஒதுங்குகிறான். தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டை விட்டுக் கிளம்பி வந்த ஒருத்தியும் அங்கேயே ஒதுங்குகிறாள். அவன் பார்க்கப் போகிற பெண் அவள்தான் என்று இருவருக்கும் தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். மழை விடும் வரை பேசுகிறார்கள். பேசப் பேச ஒருவரை ஒருவர் பிடித்துப்போகிறது. மழை விடுகிறது, பஸ் வருகிறது, பெயர் கூடக் கேட்டுக்கொள்ளாமல் அவள் ஏறிப் போகிறாள். அவ்வளவுதான். மேடையில் ஒரு பெஞ்சு, மேலே ஒரு தகரம். மழைக்கு நான்தான். பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் இன்னொரு தகரத் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, அதில் மணலைச் சரித்துக்கொண்டே இருப்பேன். இடது கையால் மழை, வலது கையில் வசனத் தாள்கள்.

அந்தப் பெண்ணாக நடித்தவள் உன் அம்மா. அரிமளத்திலிருந்து வந்து இங்கே பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தாள். டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். அவனாக நடித்தவன் ராஜமாணிக்கம். ஜவுளிக் கடைக்காரர் மகன். அவன் மேடைக்கு வந்து நின்றாலே கூட்டம் பேச்சை நிறுத்திவிடும், அப்படி ஒரு முகம், அப்படி ஒரு நிற்கிற தோரணை. குரலும் மணிதான். வசனம் மட்டும் நிற்காது. இரண்டு வரிக்கு மேல் அவன் தலையில் எதுவும் தங்காது. அதனால் சவரிமுத்து சார் அந்த பெஞ்சை மேடையின் நடுவிலிருந்து எடுத்து, என் படுதாவை ஒட்டினாற்போல ஓரத்தில் போட்டுவிட்டார். நான் மெதுவாகச் சொன்னாலும் அவன் காதில் விழ வேண்டும் என்று. பெஞ்சின் என் பக்க ஓரத்தில் உன் அம்மா உட்கார்ந்திருப்பாள். அவளைத் தாண்டித்தான் என் குரல் அவனுக்குப் போகும். நான் முதலில் சொல்ல வேண்டும், அவன் பிறகு உரக்கச் சொல்ல வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். பொன்னமராவதியிலும் ஆவூரிலும் அரிமளத்திலும் இன்னும் எத்தனையோ பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களிலும் இது இப்படியே நடந்தது.

மேடையில் அவர்கள் இருவரையும் பார்த்தவர்கள், இந்த இரண்டு பேரும் ஒருநாள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். படுதாவுக்குப் பின்னால் நின்ற நானும்தான். ஆனால் ராஜமாணிக்கத்துக்கு அவன் வீட்டில் திருப்பூரில் பெண் பார்த்தார்கள், அவன் சந்தோஷமாகப் போய்விட்டான். நாடகம் நின்றது. ஊர் உன் அம்மாவைப் பாவமாகப் பார்த்தது. அந்த நேரத்தில்தான் உன் பெரிய அத்தை, என்னைக் கேட்காமலே அரிமளம் போய் அவளைப் பெண் கேட்டு வந்தாள். உன் அம்மா உடனே சரி என்று சொல்லிவிட்டாள். அந்த "உடனே" எனக்குள் எப்படி விழுந்தது தெரியுமா? காத்திருந்த பஸ் போன பிறகு, அடுத்து எது வந்தாலும் ஏறிக்கொள்கிறவள் சொல்கிற சரி அது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் கல்யாணத்துக்கு ராஜமாணிக்கம் மனைவியோடு வந்தான். மணமேடையில் அவனைப் பார்த்து உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குள் ரொம்ப வருஷம் இருந்தது.

நான் அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டேன். அதை நீயே பார்த்திருக்கிறாய். ஆனால் ஒரு விருந்தாளியை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. குரலை உயர்த்த மாட்டேன், எதையும் மறுக்க மாட்டேன். மழைக் காலத்தில் அவள் சமையலறை ஜன்னலில் கை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தால், நான் சத்தம் போடாமல் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். "ஒரு சண்டையாவது போடுங்களேன், வீடு வீடாட்டம் இருக்கும்" என்று அவள் சொன்னது உனக்கு நினைவிருக்கலாம். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, திருமயம் பக்கம் ஒரு படப்பிடிப்புக்கு வந்தவர்கள் கதாநாயகனுக்கு அம்மாவாக நிற்க உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தேடினார்கள். யாரோ உன் அம்மாவைக் காட்டினார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் உடனே போ என்றேன். எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் சொன்னது. மனசெல்லாம் இல்லை தம்பி. அவளைத் தடுக்கிற உரிமை எனக்கு இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். படங்களிலும் சீரியல்களிலும் அழுகிற அம்மா என்றால் உன் அம்மா. "ஒங்கம்மா நேத்து டிவியில செத்துப்போச்சேடா" என்று வகுப்பில் எவனோ சொல்லி, நீ அவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தாய். அன்றைக்கு உன் அம்மா படப்பிடிப்பிலிருந்து வந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "நான் சாவேன், எந்திரிப்பேன், அதான்டா என் வேலை" என்று சொல்லி உன்னைச் சிரிக்க வைத்தாள்.

ஒரு படத்தில் அவளுக்கு மகனாக நடித்த பையன் இப்போது படம் தயாரிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். அவன்தான் போன வருஷம், "அம்மா, நீங்க ஒரு படம் டைரக்ட் பண்ணுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச கதையா பண்ணுங்க" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "எல்லாப் படத்துலயும் அழுதாச்சுங்க. ஒரு படத்துலயாச்சும் யாராவது யாரையாவது ஆசையாப் பாக்குறத எடுக்கணும்" என்றாள். என்ன கதை என்றேன். "மழை விடட்டும்" என்றாள். நான் தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, இத்தனை வருஷம் கழித்து அது வெளியே வருகிறது என்று நினைத்தேன். எனக்குக் கோபம் இல்லை. காய்ச்சல் வரப்போகிறபோது உடம்பு லேசாகிக் கிடக்குமே, அப்படி இருந்தது.

சவரிமுத்து சார் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் மகளைப் பார்த்து அனுமதி கேட்க இருவரும் ஆவூர் போனோம். அந்தப் பெண் எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, "தகரத்துல பேயிற மழ பத்தாதுன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நெசமா ஒரு மழையில இத நடத்திப் பாக்கணும்னு ஆசை அவங்களுக்கு. எடுங்கக்கா" என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் உன் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். காருக்கு வெளியே தைலமரக் காடு ஓடிக்கொண்டே இருந்தது, ஒரே மரம் திரும்பத் திரும்ப வருவது போல. அவள் அப்போதே படத்துக்குள் போய்விட்டாள்.

எழுத ஆரம்பித்ததும் முதல் வேலையாக வசனங்களை வெட்டினாள். எனக்கு அது தாங்கவில்லை. அவ்வளவும் எனக்கு மனப்பாடம். "குடையப் பத்திப் பேசுவானே, அது எங்க?" என்று கேட்டேன். எடுத்துவிட்டேன் என்றாள். "அம்மாவப் பத்திச் சொல்லுவானே?" அதையும் எடுத்துவிட்டேன் என்றாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "மேடையில வாயத் தொறந்து சொன்னாத்தான் கடைசியில ஒக்காந்திருக்கவுகளுக்குப் போய்ச் சேரும். கேமராவுக்கு அது வேணாம்ங்க. அவன் வந்து ஒக்காரும்போது இவ பைய இங்கிட்டு எடுத்து வச்சா, எடம் கொடுத்துட்டான்னு அர்த்தம். அதுக்கு ஒரு பக்க வசனம் எதுக்கு?"  என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, அதற்குப் பிறகு எழுதிய பக்கங்கள் எதையும் அவள் எனக்குக் காட்டவில்லை. காட்டாததற்கு நான் வேறு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

அரிமளத்துக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு கண்மாய்க்கரையை ஒட்டிப் படப்பிடிப்பு. நிழற்குடை ஒன்றைப் புதிதாகக் கட்டி, பழசாகத் தெரிய வேண்டும் என்று பாசி வண்ணம் பூசி, ஊர்ப் பெயரை அழிந்தது போல எழுதியிருந்தார்கள். அதை ஜனங்கள் நிஜம் என்றே நினைத்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் முதல் காட்சிக்கு எல்லாம் தயாராக இருக்கும்போது, தலையில் துணிமூட்டையோடு ஒரு பெண் வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உதவி இயக்குநர் போய், "அக்கா, இது ஷூட்டிங்குக்குப் போட்டது, இங்க பஸ் நிக்காது" என்றான். "நிக்காமலா கட்டி வச்சிருக்காக?" என்றாள் அவள். உன் அம்மா, விடு, இருக்கட்டும் என்றாள். அறுபது பேர் சும்மா நின்றோம். கண்மாய்த் தண்ணீரில் பனி விலகிக்கொண்டிருந்தது. நீ நம்ப மாட்டாய், கொஞ்ச நேரத்தில் டவுன் பஸ் ஒன்று வந்தது, நின்றது, அந்தப் பெண் ஏறிக்கொண்டாள். டிரைவருக்கும் அங்கே எப்போதும் ஒரு நிழற்குடை இருந்தது போலவே தோன்றியிருக்க வேண்டும். பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்ற உன் அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் செய்த ஒரு பொய்யை ஊர் நிஜமாக்கிக் கொடுத்துவிட்டது.

அங்கே நான் எதற்குப் போனேன் என்று கேட்பாய். மழைக் காட்சி தினமும் எடுத்தார்கள். லாரித் தண்ணீரைக் குழாயில் ஏற்றி மேலேயிருந்து பொழியவிடுவார்கள். எல்லாருக்கும் சளி, காய்ச்சல். மாத்திரையும் தைலமும் எடுத்துக்கொண்டு நான் நாள் விட்டு நாள் போனேன். போனால் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவேன். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உன் அம்மா அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டிருப்பாள். ஒலிபெருக்கியைத் தொடவே மாட்டாள். யாருக்கு எதைச் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் நடந்து போய்க் காதருகில் சொல்வாள். அழகாக, உயரமாக ஒரு பையன், அவனுக்கு ஜவுளிக் கடைக்காரர் மகன் போல மடிப்புக் கலையாத சட்டை. இவன்தான் ராஜமாணிக்கம் என்று நான் தெரிந்துகொண்டேன். அவனை நான் அதிகம் பார்க்காமல் இருந்தேன்.

ஒருநாள் மாத்திரைப் பெட்டியோடு போனபோது கண்மாய்க்கரையில் யாரும் இல்லை. ரோட்டில் போனவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்க என்றார்கள். அங்கே மைதானத்தில் மேடை போட்டு, காகிதத் தோரணம் கட்டி, ஒரு பழைய ஆண்டுவிழாவையே எழுப்பி வைத்திருந்தார்கள். மேடையில் பெஞ்சு ஓரமாகக் கிடந்தது. பக்கத்தில் படுதா. படுதாவுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பையன், இடது கையில் தகரத் தகடு, வலது கையில் தாள்கள்.  நாடகத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது. உதவி இயக்குநரிடம், அந்தப் பையன் யார் என்று கேட்டேன். "தெரியாதா சார்? அவருதான் ஹீரோ" என்றான். அப்படியானால் அந்த உயரமான பையன்? "அவரு செகண்ட் ஹீரோ சார். நாடகத்துல நடிக்கிறவரு, நெழற்குடையில எடுத்தது அந்த நாடகத்ததான். கதை இவரோடதுதான்."

அப்புறம் அவள் எடுத்த காட்சியைச் சொல்கிறேன். அது நிஜமாக நடந்தது. அரிமளத்தில் ஒரு ஆண்டுவிழாவில் சாயங்காலம் நாங்கள் நாடகம் போட்டபோது, பாதியில் உண்மையாகவே மழை வந்துவிட்டது. கரண்ட் போனது. ஜனங்கள் எழுந்து வகுப்பறைத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். ராஜமாணிக்கம் இரவல் பட்டுச் சட்டை நனைந்துவிடும் என்று மேடையிலிருந்து குதித்து ஓடினான். நான் தாள்களைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு அப்படியே நின்றேன். படுதாவின் அந்தப் பக்கத்திலிருந்து உன் அம்மாவின் குரல் கேட்டது. "அடுத்த வரி என்னங்க?" நான் சொன்னேன். "இந்த மழை விட்டா நீங்க போயிருவீங்க. விடாட்டி இங்கயே இருப்பீங்க. நான் எத வேண்டிக்கிறது?" அவள் அதற்கான பதிலைச் சொன்னாள். "ரெண்டையும் வேண்டிக்கங்க. சாமிக்கு எது காதுல விழுதுன்னு பாப்போம்." அப்படியே நாடகத்தின் கடைசி வரை சொல்லி முடித்தோம். ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. பொறுப்பான பெண், ஆரம்பித்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை. பிறகு மறந்தும் போனேன்.

இப்போது அதே சாயங்காலம் என் கண்ணெதிரில் மறுபடியும் நடந்தது. லாரித் தண்ணீர் பொழிந்தது, உயரமான பையன் ஓடினான், ஒல்லிப் பையன் நனைந்துகொண்டு வசனம் சொன்னான். நான் அவன் பக்கம்தான் நின்றிருந்தேன், பழக்கத்தால். உன் அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்து, கேமரா இருந்த அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கிருந்து பார்த்தபோது, நனைந்த படுதா அந்தப் பையனின் தோளில் ஒட்டி, தோளின் வடிவம் அப்படியே துணியில் தெரிந்தது. பெஞ்சில் இருந்த பெண் வசனம் சொல்லிக்கொண்டே கையை மெல்லத் தூக்கி, அந்தத் தோள் தெரிந்த இடத்துக்கு நேராக, துணியில் படாமல் படாமல் வைத்திருந்தாள். வசனம் முடிகிற வரை எடுக்கவில்லை. அந்தப் பையனுக்கு அது தெரியாது. படுதாவுக்குப் பின்னால் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

டீ வந்தது. இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனோம். "அந்தக் கை நெசமா?" என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாதுல்ல, அதான் காட்டுனேன்" என்றாள், லேசாகச் சிரித்துக்கொண்டு. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "நான் ராஜமாணிக்கம்னு நெனச்சிருந்தேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்பலருந்து?"

"கல்யாணத்துலருந்து."

தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆளுக்கு ஒரு வரி சேந்தாப்புல வராதுங்க. மழையும் நீங்க போட்டது, வசனமும் நீங்க சொன்னது. அவரு வாயத்தான் தொறந்தாரு. எங்காதுல முதல்ல விழுந்தது யாரு கொரலு? ஒங்க அக்கா வந்து கேட்டப்ப எங்க வீட்ல யோசிச்சுச் சொல்றோம்னாக. நான் யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."  பிறகு கேட்டது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. "அப்ப, இத்தன வருசமா நான் ஒங்களப் பாத்த பார்வையெல்லாம் எங்க போச்சு?"

 அவள் எழுந்து அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு போடுவாள், தண்ணீர் வைப்பாள், அவ்வளவுதான். இடையில் ஒருமுறை திடீரென்று, "இந்த நெனப்ப மனசுல வச்சுக்கிட்டா எனக்குத் தெனமும் காபி போட்டுக் கொடுத்தீங்க?" என்றாள். அது கோபம்தான், ஆனால் எங்கள் வீட்டில் முதல் முறையாக நடக்கிற சண்டை என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. நானும் குரலை உயர்த்தி, "வேறென்ன செய்யச் சொல்ற?" என்றேன். அவள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்கேயும் போகவில்லை, நான் வாங்கிக்கொண்டேன்.

படப்பிடிப்பு முடிந்து சென்னையில் டப்பிங் நடந்தபோது ஒருநாள் போன் பண்ணினாள். "கிளம்பி வாங்க. அந்தப் பையன் கொரல் நல்லாருக்கு, படுதாவுக்குப் பின்னாடி சொல்ற எடம் மட்டும் நடிப்பா இருக்கு. நீங்க சொல்லுங்க." என் வயதென்ன, அவன் வயதென்ன என்றேன். "கிசுகிசுன்னு பேசுனா வயசு தெரியாதுங்க" என்றாள். போனேன். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நிறுத்தி, திரையில் படத்தை ஓடவிட்டார்கள்.  கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்டு என்ஜினியர் உன் வயதுப் பையன், அவன் முன்னால் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சொன்னதெல்லாம் மருந்துச் சீட்டு வாசிப்பது போல இருந்தது. உன் அம்மா உள்ளே வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு முதுகு காட்டிப் போட்டு, கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டாள். விளக்கைக் குறைக்கச் சொன்னாள். நரைத்த பின்கொண்டையும் கழுத்துமாக அவள் மட்டும் தெரிந்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னேன். இந்த முறை யாருக்கும் எடுத்துக்கொடுக்கவில்லை. சொல்லி முடித்தேன். பிறகு அந்த என்ஜினியர் பையன், "ஓகே சார், இன்னொண்ணு வேணாம்" என்றான்.

உன் கேள்விக்கு இதுதான் பதில். ஊர் சொல்கிறதே என்று நீ கேட்டாய். ஊர் மேடையைப் பார்த்தது, நானும் ஊரோடு சேர்ந்து மேடையைத்தான் பார்த்தேன். ராஜமாணிக்கம் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பூரிலிருந்து பேசினான். "என்னய்யா, ஒங்க வீட்டம்மா என்னைய ஓட விட்டுருச்சு" என்று சொல்லி வெகு நேரம் சிரித்தான். "ஆனா அந்தப் பட்டுச் சட்டை எங்க மாமாவோடது, ஓடாம என்ன செய்யிறது" என்றும் சொன்னான். உன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறான். அவனை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும்.

பெண் வீட்டைப் பற்றியும் கவலைப்படாதே. பொன்னமராவதியிலிருந்து அவர்கள் புடவை எடுக்க வந்தபோது நம் வீட்டுக்கும் வந்தார்கள். உன் மாமனார் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, காபி நன்றாக இருக்கிறது என்றார். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்தான் சமையலறைக்குப் போய் உன் அம்மாவிடம், "அத்தை, அவங்க ரெண்டு பேரும் கடைசியில சேந்துருவாங்களா?" என்று கேட்டாள். "நீ வந்து பாரு" என்றாள் உன் அம்மா. "அவரு வர மாட்டேங்கிறாருத்தை, கல்யாணத்துக்கு மொத நாள்தான் லீவாம்" என்றாள் அந்தப் பெண். குரலில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உன்னை அவள் ஏன் சரி என்றாள் என்பது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் வேலை, உன் சம்பளம், சிங்கப்பூர் என்று நீயாக ஒரு காரணம் எழுதி வைத்திருப்பாய். அது தப்பாக இருக்கும். கேள். முதல் மாதத்திலேயே கேள். கேட்டால் கோபப்படலாம், சிரிக்கலாம், இரண்டும் நல்லதுதான். கேட்காமல் மரியாதையாக நடந்துகொண்டே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம், அது ரொம்பச் சுலபம் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்யாதே.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் புதுக்கோட்டையில் ஒரு தியேட்டரில் படத்தைக் காலைக் காட்சியாக நம் ஆட்களுக்கு மட்டும் போடுகிறார்கள். லீவைக் கொஞ்சம் முன்னால் எடுத்துக்கொண்டு வா. முடிவை எப்படி வைத்திருக்கிறாள் என்று எனக்கும் தெரியாது, சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா எங்களோடு உட்காரப் போவதில்லையாம். கதவோரமாக, எல்லாருக்கும் பின்னால் நின்று, ஜனங்கள் எந்த இடத்தில் அசைகிறார்கள் என்று பார்ப்பாளாம். அதனால் என் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. நீயும் அந்தப் பெண்ணும் வந்து உட்காருங்கள். படம் பிடிக்காவிட்டால் என்னிடம் சொல். பிடித்தால் என்னிடம் சொல்லாதே தம்பி, பின்னால் திரும்பி அவளிடம் சொல்.

அப்பா